இறக்கத்தில் விழுந்த ஸ்பேர் பேட்டரி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று பேர், மூன்று மின்சார மவுண்டன் பைக், ஒரே ஒரு ஸ்பேர் பேட்டரி. 74 கி.மீ. சுற்று, மொத்த ஏற்றம் 2,250 மீட்டர். காலை 5.50-க்குக் கிளம்பி மாலை 4 மணிக்குள் திரும்புவதாகத் திட்டம். திரும்பியது மதியம் 12.40-க்கு. 41 கி.மீ. மட்டுமே ஓட்டியிருந்தோம். ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு பேட்டரியைத் தொடவே மற்றவர்களுக்குப் பயமாக இருந்தது.

பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. ஆனாலும் அன்று எடுத்த முடிவுகளை அடுத்த வாரம் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். ஸ்பேர் பேட்டரி என்றாலே எல்லோரும் எடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்களைக் கவிழ்த்தது எடை இல்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

மூத்தவருக்கு வயது 54, எடை 92 கிலோ. நிதானமாக ஓட்டுவார், ஆனால் ஏற்றத்தில் மோட்டாரை நம்பித்தான் போவார். இளையவர் 26 வயது, 64 கிலோ, எங்களில் வேகமானவர். எனக்கு 41 வயது, 74 கிலோ. பாதையைத் தேர்ந்தெடுத்ததும் கணக்குப் போட்டதும் நான். மூத்தவரின் பைக்கும் என்னுடையதும் ஒரே மாடல். டவுன் டியூபுக்குள், அதாவது பைக் சட்டத்தின் கீழ்ச் சாய்குழாய்க்குள், செருகும் 36 வோல்ட், 625 வாட் அவர் பேட்டரி. பேட்டரியில் எவ்வளவு மின்சக்தி கொள்ளும் என்பதற்கான அளவுதான் வாட் அவர். இளையவருடையது வேறு மாடல், 500 வாட் அவர். பேட்டரியின் நீளமும் குறைவு. எங்கள் பேட்டரி அவர் பைக்கில் நுழையவே நுழையாது.

ஸ்பேர், மூத்தவர் தனக்காக வாங்கியது. 625 வாட் அவர், மூன்றரை கிலோ, ஏறக்குறைய ஒரு முழ நீளம்.

கிளம்புவதற்கு முன் போட்ட கணக்கு

100 கிலோவை 100 மீட்டர் உயர்த்த 27 வாட் அவர் வேண்டும். இது பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். ஆள், பைக், பை எல்லாம் சேர்த்து மூத்தவர் 123 கிலோ. 2,250 மீட்டர் ஏற 754 வாட் அவர். டயர் உராய்வு, இளகிய மண், காற்று என்று ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 905. இதில் மூன்றில் ஒரு பங்கை அவர் கால்கள் தரும் என்று வைத்துக்கொண்டேன். மீதி 603 மோட்டார் தர வேண்டும். மோட்டார் பேட்டரியிலிருந்து இழுப்பது முழுக்கச் சக்கரத்துக்கு வந்துவிடாது, கொஞ்சம் சூடாகப் போய்விடும். நூற்றுக்கு 78 வரும் என்று எடுத்துக்கொண்டால், பேட்டரியிலிருந்து சுமார் 775 வாட் அவர் போகும். இருப்பது 625.

எனக்கும் இளையவருக்கும் கால்கள் பாதியைத் தரும் என்று வைத்துக்கொண்டேன். மற்றபடி அதே கணக்கில் எனக்குச் சுமார் 490 வந்தது. சமாளித்துவிடலாம். இளையவருக்கு 450 வந்தது. அவரிடம் இருப்பது 500, கொஞ்சம் இழுபறிதான். ஆனால் தேவைப்பட்டால் ஈக்கோவிலேயே, அதாவது மோட்டார் மிகக் குறைவாக உதவும் நிலையிலேயே, முழு மலையும் ஏறக்கூடியவர் அவர்.

ஆக, ஸ்பேர் மூத்தவருக்கு மட்டும்தான். அதை யார் தூக்குவது என்ற பேச்சு முந்தின நாள் மாலை இரண்டு நிமிடம்கூட நடக்கவில்லை. "தம்பி தூக்கிக்கட்டும், சின்னப் பையன்தானே" என்றார் மூத்தவர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எங்கள் மூவரில் எடை குறைந்தவர், பலமான கால்கள். மூன்றரை கிலோ கூடுதலால் அவர் பேட்டரியில் எவ்வளவு குறையும் என்றும் பார்த்தேன். முழு நாளுக்கும் சேர்த்து 17 வாட் அவர்தான் வந்தது. "ஒண்ணுமே இல்ல" என்று சொன்னேன். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஏற்றம் மட்டும்தான் இருந்தது.

ஸ்பேரை முந்தின இரவே மூத்தவர் பைக்கில் மாட்டி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். இது நல்லதாகப் போயிற்று. டியூபை மூடும் பிளாஸ்டிக் மூடி பேட்டரியோடு திருகி வைக்கப்பட்ட மாடல் அது. ஸ்பேருக்குத் தனி மூடி கிடையாது. மலையில் மாற்றும்போது மூடியைக் கழற்றி அடுத்ததில் பொருத்த ஒரு சின்ன ஆலன் கீ வேண்டும், இல்லாவிட்டால் டியூப் திறந்தபடி சேறு வாங்கும். ஆலன் கீயையும் பேட்டரிப் பூட்டின் சாவியையும் ஒரு நூலில் கட்டி என் பையில் போட்டுக்கொண்டேன்.

மேலே கணவாயில் 4 டிகிரி குளிரும் தூறலும் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. லித்தியம் அயான் பேட்டரி குளிரில் முழுத் திறனைத் தராது. அதனால் ஸ்பேரை மழைக்கோட்டில் சுற்றி, 20 லிட்டர் முதுகுப் பையில் முதுகுத்தண்டை ஒட்டி நெட்டுக்குத்தாக வைத்தோம். உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருக்குமாம். பேட்டரியைக் காப்பாற்ற இவ்வளவு யோசித்தவர்கள் அதைச் சுமக்கும் முதுகைப் பற்றி யோசிக்கவில்லை.

முதல் ஏற்றம்

முதல் ஏற்றம் 15 கி.மீ., 810 மீட்டர். இரவு பெய்த மழையில் மண் இளகியிருந்தது. மூத்தவர் நினைத்ததைவிட அதிகமாக மோட்டாரைக் கூட்டினார். 8.15-க்கு மேலே சேர்ந்தபோது அவர் திரையில் 51 சதவீதம். என் கணக்கில் 56 இருந்திருக்க வேண்டும். எனக்கு 70, இளையவருக்கு 66.

அங்கே பத்து நிமிடம் நின்றோம். சமதளம், காய்ந்த பாறை, காற்று இல்லை, உட்கார இடம். பேட்டரி மாற்ற அதைவிட நல்ல இடம் அந்த 74 கி.மீ.யிலும் கிடையாது. இப்போதே மாற்றிவிடலாமா என்று நான்தான் கேட்டேன்.

"பாதிக்கு மேல இருக்கே, எதுக்கு இப்ப? முழுசா தீரட்டும்" என்றார் மூத்தவர்.

நானும் தலையாட்டினேன். இரண்டு தடவை மாற்றுவது சோம்பலாக இருந்தது என்பதுதான் உண்மை. முதல் பேட்டரியைக் கடைசி வரை பிழிந்துவிட்டு ஒரே ஒரு தடவை மாற்றுவது ஒழுங்கான வேலை மாதிரித் தோன்றியது. மீதி 319 வாட் அவரில் இரண்டாவது ஏற்றத்தின் பெரும்பகுதியை முடித்து, கணவாய்க்குக் கொஞ்சம் கீழே மாற்றுவது என்று முடிவாயிற்று. அதாவது 4 டிகிரியில், தூறலில், சரிவில் நின்றுகொண்டு. இப்போது எழுதும்போது சிரிப்பாக வருகிறது. அன்று யாருக்கும் வரவில்லை.

இறக்கத்தில் நடந்தது

இறக்கம் 7 கி.மீ., 520 மீட்டர். மேல்பாதி அகலமான காட்டுப்பாதை. கீழே போகப் போகக் குறுகி, பாறைப் படிகளும் வேர்களுமாக ஆகும். இளையவர் முன்னால், நான் இருபது மீட்டர் பின்னால், மூத்தவர் கடைசியில்.

8.50 இருக்கும். முழங்கால் உயரப் பாறைப் படி ஒன்று. அவர் அதைவிடப் பெரியதெல்லாம் இறங்கியவர். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, சீட்டுக்குப் பின்னால் தாழ்ந்து, சரியாகத்தான் இறங்கினார். முன்சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் பை மேலே எழும்பியது. மார்பு வார் தளர்ந்திருந்திருக்கிறது. பேட்டரியின் மேல்முனை ஹெல்மெட்டின் பின்விளிம்பில் முட்டி, ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைத்தது. பின்னாலிருந்து நான் பார்த்தது, அவர் தலை குனிந்ததை மட்டும்தான். எதையோ தேடுகிறவர் போலக் குனிந்தார். அடுத்த நொடி முன்சக்கரம் பாதையை விட்டு விலகியது. பைக் இடப்பக்கம் போனது, ஆள் வலப்பக்கம் மல்லாக்க விழுந்தார். விழுந்த இடம் பாறை.

சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆள் விழுந்த சத்தம் மாதிரி இல்லை. கெட்டியான பொருள் ஒன்று கல்லில் மோதும் சத்தம்.

முதலில் ஆள், பிறகு பேட்டரி

எழ முயன்றவரை அப்படியே படுக்கச் சொன்னோம். கை கால் விரல்களை அசைக்கச் சொன்னோம், அசைத்தார். மரத்துப்போன உணர்வு எங்கேயும் இல்லை. கழுத்தில் வலி இல்லை. தலை தரையில் படவில்லை, ஹெல்மெட்டிலும் புதிய அடி தெரியவில்லை. முதுகுத்தண்டை ஒட்டி வலப்பக்கம் தொட்டால் வலித்தது. பத்து நிமிடம் கழித்துத் தானாக எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க பேட்டரிய பாருங்க" என்றார் மூத்தவரிடம். விலை உயர்ந்த பொருளை உடைத்துவிட்ட குற்ற உணர்ச்சி அந்தக் குரலில் இருந்தது. மூத்தவர் முகம் மாறிப்போனது.

பையைக் கழற்றி ஆறேழு மீட்டர் தள்ளி வைத்துத் திறந்தேன். பேட்டரியின் ஒரு முனையிலிருந்த பிளாஸ்டிக் பாகத்தில் நாலு செ.மீ. நீளத்துக்கு முடி போல ஒரு விரிசல். அதற்கு அடுத்தாற்போல அலுமினிய உறையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஒடுக்கு. கசிவு இல்லை, வாசனை இல்லை, சூடும் இல்லை. பொத்தானை அழுத்தியதும் ஐந்து பச்சை விளக்குகளும் எரிந்தன.

அந்த ஐந்து விளக்குகள்தான் எங்களைக் குழப்பின. அவை எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். உள்ளே செல்கள் எப்படி இருக்கின்றன என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 36 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் செல்கள் பத்து வரிசைகளாகத் தொடரில் இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு மின்முனைத் தகடுகளுக்கு நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிரிப்புத் தாள் இருக்கும். வெளியே ஒடுக்கு விழுந்தால் உள்ளே அந்தத் தாள் கிழிந்திருக்கலாம், கிழியாமலும் இருக்கலாம். கிழிந்திருந்தால் அந்த இடத்தில் சூடு கட்டத் தொடங்கி, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும். உடனே நடக்க வேண்டும் என்றில்லை, பல மணி நேரம் கழித்தும் நடக்கலாம். முழு சார்ஜில் இருக்கும்போதுதான் அது மிக மூர்க்கமாக இருக்கும். எங்கள் கையில் இருந்தது நூறு சதவீதம் நிரம்பிய 625 வாட் அவர்.

பயன்படுத்துவதா, சுமப்பதா, விட்டுவிடுவதா

முதல் முடிவு, இதை எந்த பைக்கிலும் மாட்டுவதில்லை. மூத்தவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. விளக்கு எரிகிறதே, போட்டுப் பார்த்தால் பிழைக் குறியீடு வருமா வராதா என்று தெரிந்துவிடுமே என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பேட்டரியின் கட்டுப்பாட்டுப் பலகை வோல்டேஜையும் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் பார்க்குமே தவிர, ஒடுங்கிய செல்லின் உள்ளே பார்க்காது. பிழை காட்டாததை நல்ல பேட்டரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அது போய் உட்காரும் இடம் டவுன் டியூப், ஓட்டுபவரின் இரண்டு கால்களுக்கும் நடுவில். ஏதாவது ஆனால் பூட்டைத் திறந்து வெளியே இழுக்க நேரம் இருக்காது.

சரி, மாட்டவில்லை. அப்புறம் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் நாங்கள் உண்மையிலேயே திணறினோம். பைக்கில் போடப் பயமாக இருக்கும் பொருளை மறுபடி ஒருவர் முதுகில் ஏற்ற முடியுமா? காட்டில் விட்டுவிட்டுப் போனால், பின்னால் தீப்பிடித்தால் யார் பார்ப்பது? அந்த வழியாக வரும் யாராவது எடுத்துப் போய் வீட்டில் சார்ஜ் போட்டால்?

பாதைக்குக் கீழே ஒரு ஓடை ஓடியது. ஓரத்தில் செடி கொடி இல்லாத சரளைத் திட்டு. பேட்டரியை அங்கே கொண்டுபோய் வைத்தோம். பைக்குகளும் ஆட்களும் பதினைந்து மீட்டர் தள்ளி, காற்று எங்களிடமிருந்து பேட்டரியை நோக்கி அடிக்கும் பக்கத்தில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் மட்டும் போய்ப் பார்ப்பது. உறை உப்பியிருக்கிறதா, சீறும் சத்தம் வருகிறதா, கரைப்பான் போல இனிப்பு கலந்த நெடி அடிக்கிறதா, புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரிகிறதா. ஓடைக்குப் பக்கத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. லித்தியம் அயான் தீயில் சுவாலையை அணைத்தாலும் உள்ளே வேதிவினை ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்துச் செல்களைக் குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டும்.

நாற்பது நிமிடத்தில் நான்கு முறை பார்த்தோம். மாற்றம் எதுவும் இல்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்கு எந்த விதிப்புத்தகமும் ஆதாரம் கிடையாது. நாங்களாக வைத்துக்கொண்ட அளவு. ஒரு மணி நேரமாக இருந்திருக்கலாம். குளிரத் தொடங்கிவிட்டது, இளையவரின் முதுகு இறுகிக்கொண்டு வந்தது, அதனால் கிளம்பினோம்.

பேட்டரி என் ஹேண்டில்பாரின் முன்னால், இரண்டு வார்களில். வார்களின் முனைகளை ஒரே இழுப்பில் அவிழும்படி விட்டிருந்தேன். மின்முனைகளின் ரப்பர் மூடியை மூடி, அதன்மேல் டேப் சுற்றினோம். டூல்களை எல்லாம் வேறு பையில் போட்டோம். கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், ஏதாவது என்றால் பைக்கோடு கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான் யோசனை. கடினமான படிகளில் எல்லாம் இறங்கி நடந்தேன். ஹேண்டில்பாரில் மூன்றரை கிலோ தொங்கினால் திருப்பமே பிடிபடாது, ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திரும்பும் முடிவு

22-ஆவது கி.மீ.யில் இறக்கம் முடிந்தது. அங்கிருந்து கிளம்பிய இடத்துக்கு ஒரு வனச்சாலை போகிறது, 19 கி.மீ., ஏற்றம் 260 மீட்டர். இன்னொரு பக்கம் எங்கள் இரண்டாவது ஏற்றம், 960 மீட்டர்.

மூத்தவரிடம் 319 வாட் அவர் இருந்தது. அந்த ஏற்றத்துக்கு அவருக்கு என் கணக்குப்படி 330 வேண்டும். குளிரில் கிடைப்பது இன்னும் குறையும். கணவாய்க்குச் சற்றுக் கீழே மோட்டார் நின்றிருக்கும். 24 கிலோ பைக்கைத் தூறலில் தள்ளிக்கொண்டு போவது ஒன்று, தள்ளும்போது நடை வேகத்தில் பைக்கை நகர்த்தி உதவும் மோட்டாரும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது என்பது இன்னொன்று. "ஈக்கோவிலயே போனா வந்துடும்" என்று மூத்தவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஒருவேளை வந்திருக்கும். அதற்குப் பின்னால் 480 மீட்டர் ஏற்றம் இன்னொன்று இருந்தது.

சதவீதத்தையும் மீட்டரையும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இருபது நிமிடம் வாதாடினோம். அடிபட்ட ஒருவர் பக்கத்தில் கல்லின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேட்டரிக் கணக்கே தேவையில்லை, அவர் உட்கார்ந்திருந்த விதமே போதும் திரும்புவதற்கு. அதை யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியில் எங்களைத் திருப்பியது 330 என்ற எண்தான். எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இது.

அதற்குப் பிறகு

வனச்சாலையில் எந்தப் பிரச்சினையும் இல்லை. 12.40-க்கு வண்டி நிறுத்திய இடத்தில் இருந்தோம்.

மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. முதுகுத்தண்டுக்கு இரண்டு விரல் தள்ளி, உள்ளங்கை நீளத்துக்குக் கன்றிப்போயிருந்தது. பேட்டரியின் விளிம்பு அப்படியே பதிந்த மாதிரி நேர்க்கோடாக. வலி போக இரண்டரை வாரம் ஆயிற்று. அந்த இரண்டு விரல் இந்தப் பக்கம் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத விருப்பமில்லை.

பேட்டரியை மூடிய காரில் ஏற்றவில்லை. மூத்தவரின் உறவினர் ஒருவருடைய திறந்த பின்தட்டு வண்டியில் தனியாக வந்து, இரண்டு இரவு வெட்டவெளியில் சிமெண்ட் தரையில் கிடந்தது. சுவரும் செடியும் எட்டாத தூரத்தில். சார்ஜரில் போடவே இல்லை. பிறகு விற்பனையாளரிடம் கொண்டுபோனோம். சேதமான லித்தியம் பேட்டரியைச் சாதாரணப் பார்சலில் அனுப்ப முடியாது, அதற்கென்று தனிப் பொதி விதிகள் உண்டு. நேரில் கொடுப்பதுதான் வழி. சோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்ததில் பிழை எதுவும் பதிவாகவில்லை. ஆனால் உறையைத் திறக்காமல் செல்லைப் பார்க்க முடியாது, திறந்த பேட்டரியை மறுபடி நம்ப முடியாது என்று சொல்லி, அழிப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே அந்தப் பேட்டரி உண்மையில் கெட்டிருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. மூத்தவர் சில நாள் இதை மனசில் வைத்திருந்தார். நல்ல பேட்டரியைக் குப்பையில் போட்டோமோ என்று. இன்னொரு தடவை அதே ஒடுக்கோடு அதே ஐந்து விளக்கு எரிந்தாலும் நான் அதையேதான் செய்வேன்.

எங்கே பிசகியது

மார்பு வார் தளர்ந்ததுதான் காரணம் என்று முடித்துவிடலாம். அது கடைசிக் கண்ணி மட்டும்.

முதல் பிசகு அளவில். மூத்தவருக்குப் பற்றாக்குறை 150 வாட் அவர். அதை ஈடுகட்ட நாங்கள் தூக்கிப்போனது 625. முதல் ஏற்றத்தில் கொஞ்சம் கூடுதலாக மிதித்து ஈக்கோவில் போயிருந்தாலே அதில் பாதி மிச்சம். பைக்கின் சட்டத்திலேயே மாட்டும் சின்னக் கூடுதல் பேட்டரிகளும் இருக்கின்றன. ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் எடை குறைந்த பைக் வரிசைக்கு வரும் 160 வாட் அவர் பேட்டரி ஒரு கிலோ அளவில், தண்ணீர் பாட்டில் தாங்கியில் உட்காரும். பாஷ் நிறுவனத்தின் 250 வாட் அவர் பவர்மோர் 1.6 கிலோ. எல்லா மோட்டாரோடும் சேராது, மூத்தவரின் பைக்கில் அதற்கு இணைப்பே இல்லை. ஆனால் புதிதாக பைக் வாங்குகிறவர்கள் இந்த இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. முதுகில் இல்லாமல் சட்டத்தில் இருக்கிறது என்பதே பெரிய வித்தியாசம்.

இரண்டாவது, மாற்றும் நேரம். இதுதான் எங்களுக்குப் புதிதாகப் புரிந்தது. பேட்டரிக்கு மிகப் பாதுகாப்பான இடம் பைக்கின் டியூப். அதற்காகவே செய்யப்பட்ட கூடு அது. மிக மோசமான இடம் இறக்கத்தில் ஒருவர் முதுகு. அப்படியென்றால் இறக்கம் தொடங்குமுன், நிரம்பிய பேட்டரி டியூபுக்குள் போக வேண்டும், காலியாகிக்கொண்டிருப்பது முதுகுப் பையில் வர வேண்டும். மேலே அந்தக் காய்ந்த பாறையில் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால், விழுந்தபோது முதுகில் இருந்தது பாதி சார்ஜ் பேட்டரி. அடி அதே அடிதான், ஆனால் பேட்டரி மிரட்டுவது குறைந்திருக்கும். அதைவிட முக்கியமானது, மூத்தவர் பைக்கில் சேதமில்லாத, நிரம்பிய பேட்டரி இருந்திருக்கும். பிறகு தேவைப்பட்டால் பழையதை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஒரே தடவை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மூன்றாவது, பை. அதே பையில் அதே அளவுள்ள பேட்டரி ஒன்றை வைத்து வீட்டு வாசலில் சோதித்தோம். ஹெல்மெட் போட்டு, இறக்கத்தில் நிற்பது போல் பின்னால் தாழ்ந்து, தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஹெல்மெட் பேட்டரி முனையில் இடித்தது. வார் இறுக்கமாக இருந்தபோதே இடித்தது! முந்தின நாள் பத்து நொடியில் கண்டுபிடித்திருக்கலாம். நின்றுகொண்டு பையைப் போட்டுப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னதில் அர்த்தமே இல்லை.

இப்போது முதுகுக் காப்புப் பலகை உள்ள பை வைத்திருக்கிறோம். பலகைக்கு வெளிப்புறம் பேட்டரி. இடுப்பு வார்தான் எடையைத் தாங்கும். பேட்டரியின் மேல்முனை தோளுக்குக் கீழேயே நிற்க வேண்டும், அதற்குள் அடங்காத பேட்டரியைச் சுமப்பதில்லை.

நான்காவதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. தனக்குப் பயன்படாத பேட்டரியை இளையவர் சுமந்தார். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவரை நாங்கள் வைக்கவில்லை. மலை ஏறும்போதே பை மேலே மேலே வருவது தெரிந்ததாம். நின்று சரிசெய்தால் அண்ணன்கள் காத்திருக்க வேண்டுமே என்று விட்டுவிட்டாராம். இதை அவர் சொன்னது மூன்று வாரம் கழித்து.

வெளியூருக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் போட முடியாது. இந்த பைக்குகளின் முக்கியப் பேட்டரி அநேகமாக எல்லாமே அதற்கு மேல்தான். ஸ்பேர் எடுத்துப்போவதா என்ற கேள்வியே அங்கே எழாது.

ஆறு வாரம் கழித்து

அதே மலைக்கு மறுபடி போனோம், பாதையை மாற்றி. ஒரே பெரிய சுற்றுக்குப் பதிலாக எட்டு வடிவில் இரண்டு சுற்று. முதல் சுற்று 36 கி.மீ., 1,180 மீட்டர் ஏற்றம். அது முடிந்து வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து, பேட்டரி மாற்றிக்கொண்டு இரண்டாவது சுற்று. புது ஸ்பேரை யாரும் சுமக்கவில்லை. வெயிலில் மூடிய வண்டி கொதிக்கும் என்பதால் நிழலில் நிறுத்தி, காப்புப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். மேலே அந்தப் பெரிய கணவாய் இந்தப் பாதையில் இல்லை. அது ஒரு குறைதான்.

முதல் சுற்றின் முடிவில் மூத்தவர் எங்களை முந்திக்கொண்டு இறங்கிவிட்டார். கால் மணி நேரம் கழித்து நாங்கள் வந்து சேர்ந்தபோது, 34 சதவீதத்தில் நின்ற பைக்குக்குப் பக்கத்தில், நிரம்பிய பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரிப் பூட்டின் சாவி வழக்கம்போல என் பையில், நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.